கதவு வைக்காத வீட்டில் ஒரு மாப்பிள்ளை

சுண்டங்குறிச்சியில் முட்டாள்கள் நாலே பேர்தான். ஆனால் நாலு பேரும் ஒரே சங்கத்தில் இருந்ததால் ஊருக்கு அதுவே தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

சங்கத்தின் பெயர் சுண்டங்குறிச்சி பொது அறிவு வளர்ச்சிச் சங்கம். சிவனணைந்தான் தலைவர், ஆறுமுகநயினார் செயலாளர், பூலுடையான் பொருளாளர். குற்றாலலிங்கம் உறுப்பினர். உறுப்பினர் இவர் ஒருத்தர்தான் என்பதால், எந்தத் தீர்மானம் வந்தாலும் பொதுமக்கள் கருத்து என்ன என்று தலைவர் இவரைத்தான் கேட்பார். குற்றாலலிங்கம் எழுந்து நின்று, "பொதுமக்கள் யோசிக்காங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வார்.

அந்த வைகாசியில் செயலாளர் நயினாருக்குச் சோறு இறங்கவில்லை. மகள் பகவதிக்குச் சங்கரன்கோயிலிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் தெய்வநாயகம், மாட்டாஸ்பத்திரியில் வேலை. பெண் பார்க்க அப்பா, அம்மா, அத்தை, அத்தையின் பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் வேன் பிடித்து வந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. கிளம்புகிற நேரத்தில் ஒரு எருமைக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டதாம். போட்டோவைக் கொடுத்து, "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்று போய்விட்டார்கள்.

ஜாதகத்தில் பத்துக்கு ஒன்பது பொருத்தம். மனைவி பிரமநாயகிக்குப் பூரண சம்மதம். பகவதி எல்லார் முன்னாலும் போட்டோவை ஒரு தடவை பார்த்தாள். யாரும் இல்லாதபோது ஏழெட்டுத் தடவை பார்த்தாள். நயினாருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஜாதகம் நட்சத்திரத்தைச் சொல்லும். ஈரத்துண்டை மெத்தைமேல் போடுகிறவனா, சாப்பிட்ட தட்டை நகர்த்தக்கூடச் செய்யாதவனா, கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்துகிறவனா என்றெல்லாம் எந்த ஜோசியன் சொல்வான்? இருப்பதோ ஒரே பெண். அவள் போய் வாழப்போகிற வாழ்க்கையை ஒரு நாள், ஒரே ஒரு நாள் முன்கூட்டிப் பார்த்துவிட முடிந்தால்?

புதன்கிழமை காலையில் சங்கத்தில் இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுக்குப் போய் ஏன்வே கண் கலங்குதீரு?" என்றார் பூலுடையான். "அதான் நம்ம பீரோவுக்கு மேலயே இருக்கே."

இருந்தது. ஊரில் இருந்த பிரவுசிங் சென்டரை மூடியபோது, அதன் முதலாளி ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சங்கத்துக்குத் தானமாகக் கொடுத்திருந்தார். கூடவே ஓர் அட்டைப்பெட்டி. இருபது வருஷத்துக்கு முந்தின விளையாட்டு. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 'உங்கள் விருப்பம்போல் ஒரு குடும்பத்தை உருவாக்குங்கள்! அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பாருங்கள்!'

நயினார் அதை மூன்று தடவை வாசித்தார். பிறகு பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பகவதி இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருக்கிறாள். அவளைக் கேட்கலாமா என்று குற்றாலலிங்கம் மெல்ல ஆரம்பித்தார்.

"அவ கல்யாணத்தை முடிவு பண்ணுத விஷயம்வே இது" என்று தலைவர் அதட்டினார். "இதுல போய் அவகிட்ட யோசனை கேப்பாங்களா?"

பெட்டிக்குள் ஒரு வட்டும், வழிகாட்டிப் புத்தகம் ஒன்றும் இருந்தன. நல்ல வேளையாகப் புத்தகம் தமிழில் இருந்தது. பின்னால் யோசித்துப் பார்த்தால், வேறு பாஷையில் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

முதல் பக்கம்: 'நிறுவத் தொடங்குமுன், திறந்திருக்கும் எல்லாச் சாளரங்களையும் மூடவும்.'

"சாளரம்னா?"

"ஜன்னல்வே. செந்தமிழ்ல போட்டிருக்கான்."

சங்கக் கட்டடத்தில் இரண்டு ஜன்னல். ஒன்றைச் சாத்தினார்கள். இன்னொன்றுக்குக் கதவில்லை, பெஞ்சுப் பலகையை வைத்து ஆணி அடித்தார்கள். வேலை முடிந்தது என்று நயினார் நிமிர்ந்தபோது பூலுடையான் புத்தகத்தில் விரலை வைத்தார்.

"எல்லாச் சாளரமும்னு போட்டிருக்கே. எல்லான்னா எது வரைக்கும்?"

இதன்மேல் அரைமணி நேரம் விவாதம் நடந்தது. உலகம் முழுக்க என்று பூலுடையான். தெரு வரைக்கும் போதும் என்று நயினார். தலைவர் இரண்டையும் கேட்டுவிட்டு, சங்கத்தின் அதிகாரம் ஊர் எல்லையோடு முடிந்துவிடுவதால் ஊர் எல்லை வரை என்று தீர்ப்புச் சொன்னார்.

குற்றாலலிங்கம் நாலு தெருவும் நடந்தார். "நயினார் மக கல்யாண விஷயம். ஜன்னலைச் சாத்துங்க" என்று வீடு வீடாகச் சொன்னார். ஆச்சரியம், பாதிப்பேர் சாத்தினார்கள். கல்யாணத்துக்கும் ஜன்னலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஊரில் தனக்கு மட்டும் அது தெரியவில்லை என்று ஆகிவிடுமே! கருவாடு வறுத்துக்கொண்டிருந்த ஒரு வீட்டில் மட்டும் கொஞ்சம் பேச்சு வாங்கினார்.

அடுத்து: 'சுட்டியைப் படத்தின்மேல் வைத்து இருமுறை சொடுக்கவும்.'

"சுட்டி யாருவே?"

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் குற்றாலலிங்கம் தலையைக் குனிந்துகொண்டே, "மூணாங்கிளாஸ் டீச்சர் என்னைய அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றார். அவருக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. இருந்தாலும் ஒரு டீச்சர் கொடுத்த பட்டம். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கன்னத்தைக் கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த சின்னப் படத்தின்மேல் அழுத்தி வைத்தார்கள்.

தலைவர் வலதுகையை உயர்த்தி, அவர் காதோரமாக இரண்டு தடவை விரலைச் சொடுக்கினார்.

குற்றாலலிங்கம் இரண்டு தடவை திடுக்கிட்டார். மேஜைமேல் வால் வைத்த சோப்புப்பெட்டி மாதிரி ஒன்று கிடந்தது. எதற்கென்று யாருக்கும் தெரியாததால், காகிதம் பறக்காமல் இருக்க அதைப் பாரமாக வைத்திருந்தார்கள். திடுக்கிட்ட கை இரண்டு தடவையும் அதன்மேல் விழுந்தது. திரையில் ஏதோ திறந்தது.

"பார்த்தீரா" என்றார் தலைவர், தன் விரலைத் தானே பார்த்து. அதற்குப் பிறகு எங்கெங்கே சொடுக்கச் சொன்னதோ அங்கெல்லாம் தலைவர் சொடுக்கினார், குற்றாலலிங்கம் திடுக்கிட்டார், வேலை நடந்தது.

உடன்பாட்டை ஏற்கவும் என்று வந்தபோது நாலு பேரும் எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, முப்பத்தாறு பத்தியையும் கூட்டமாக வாசித்து ஏற்றுக்கொண்டார்கள். அப்புறம் ஒரு பச்சைக்கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. கீழே எச்சரிக்கை: 'நிறுவி முடியும்வரை கணினியை அணைக்கக் கூடாது.'

"யாருக்குவே அந்த மாதிரி எண்ணம் வரும்?" என்று தலைவர் முகம் சுளித்தார். இருந்தாலும் எதற்கு வம்பு என்று நாலு பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டு முழம் தள்ளி நின்றார்கள்.

வியாழன் காலையில் குடும்பத்தை உருவாக்கினார்கள். நயினார் ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சையில் தோற்றவர். ஆகவே எழுத்து வேலை அவருடையது. 'பகவதி' என்று அடித்தார். மகள் பெயர் திரையில் எழுத்தெழுத்தாக வந்தபோது துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீழே 'தெய்வநாயகம்' என்று அடித்தார். அதை வாசித்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளையின் குணத்துக்குப் புள்ளி போடச் சொன்னது. சுத்தம், சுறுசுறுப்பு, கலகலப்பு, பொறுமை, அன்பு என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் பத்து வரை போடலாம். பார்த்திராத பையனுக்கு எப்படிப் புள்ளி போடுவது? நயினார் சங்கரன்கோயிலுக்கே போன் போட்டார்.

"சம்பந்தி, உங்க பையனுக்குச் சுத்தத்துல எத்தனை புள்ளி?"

மறுமுனையில் எடுத்தது மாப்பிள்ளையின் அப்பா. பெண் வீட்டார் ஏதோ புது முறையில் விசாரிக்கிறார்கள் போல என்று நினைத்து, "எல்லாத்துலயும் பத்துக்குப் பத்துங்க" என்றார்.

அதன்படி போட்டுப் பார்த்தால் இயந்திரம் ஒப்பவில்லை. மொத்தம் இருபத்தைந்து புள்ளிதான் போட முடியும் என்று அடம்பிடித்தது.

நயினாரின் முகம் இருண்டது. "அவரு சொன்னது ஐம்பது. இது சொல்லுதது இருபத்தஞ்சு. அப்ப பாதி பொய்யி!"

"பாதி உண்மையாவது சொல்லுதாரே" என்றார் பூலுடையான். "எனக்கு வாய்ச்ச சம்பந்தி அதுவும் கிடையாது."

ஒவ்வொன்றுக்கும் ஐந்து போட்டதும் திரையில் மாப்பிள்ளை வந்து நின்றார். அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன். பக்கத்தில் பகவதி நின்ற கோலத்தைத் தகப்பனால் பார்க்க முடியவில்லை. நயினார் சட்டென்று துண்டை எடுத்துத் திரையில் போட்டார். புத்தகத்தைப் புரட்டினார்கள். 'உங்கள் ஊர் உடைகளைச் சேர்க்க, வேண்டியதை வெட்டி, உரிய இடத்தில் ஒட்டவும்.'

தலைவர் தயங்கவே இல்லை. தன் வேட்டியிலேயே கரையோடு சேர்த்து நாலு விரல் அகலம் வெட்டிக் கொடுத்தார். பகவதிக்கு, பீரோவில் கிடந்த ஒரு வாழ்த்துப் பத்திரத்தின் சிவப்புத் தாளில் சேலை. மைதாப் பசை காய்ச்சி, இரண்டையும் கண்ணாடியில் அளவு பார்த்து ஒட்டினார்கள். இப்போதுதான் ஜோடி ஜோடியாக இருந்தது. நயினார் இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தார்.

அடுத்த நொடி மாப்பிள்ளை நடந்து போனார். வேட்டி நின்ற இடத்திலேயே நின்றது.

"வேட்டியை விட்டுட்டுப் போறானே!" என்றார் நயினார், ஈனக்குரலில். "கல்யாணத்துக்கு முந்தியே இப்படின்னா?"

"சின்ன வயசு. அவசரமா எருமை பார்க்கக் கிளம்பியிருப்பாரு" என்று குற்றாலலிங்கம் சமாதானம் சொன்னார். நயினாருக்கு ஆறவில்லை. ஆனாலும், கூடவே சேலையும் நின்றுவிட்டதைக் கவனித்து, குறை ஒரு பக்கம் மட்டுமில்லை என்று பேச்சை விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பதில் சொல்லவேண்டிய நாள். காலையிலேயே வீடு கட்ட உட்கார்ந்தார்கள். சுவர் எழுப்பினார்கள், அடுப்பு வைத்தார்கள், கட்டில் போட்டார்கள். வாசல் கிழக்கா வடக்கா என்பதில் தலைவருக்கும் பொருளாளருக்கும் தகராறு வந்தது. முடிவாகும்வரை வாசல் வேண்டாம் என்று ஒத்திவைத்தார்கள். கழிப்பறை ஈசானியத்தில் கூடாது, அக்கினி மூலையில் கூடாது, வாயு மூலையில் வைத்தால் கட்டிலுக்கு இடைஞ்சல். அதையும் ஒத்திவைத்தார்கள். பிறகு மணமக்களைக் குடியேற்றினார்கள். குற்றாலலிங்கம் குலவையிட்டார்.

மத்தியானம் வரை நன்றாகத்தான் போனது. மத்தியானத்துக்கு மேல் மாப்பிள்ளை தலைக்குமேல் கைகளை ஆட்டி என்னவோ கத்த ஆரம்பித்தார்.

"என்ன பாஷைவே இது?"

"சங்கரன்கோயில் பாஷை" என்றார் தலைவர். "அங்க அப்படித்தான் பேசுவாங்க."

மாப்பிள்ளை கால்களைப் பின்னிக்கொண்டு நின்றார். சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் நடுக்கூடத்தில் நின்றபடியே காரியத்தை முடித்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"சுத்தத்துக்குப் பத்துன்னாரு!" என்று நயினார் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனால் திரையில் பகவதி கோபப்படவில்லை. ஒரு துணியை எடுத்துவந்து தரையைத் துடைத்தாள். மாப்பிள்ளை அழுதுகொண்டே அடுப்பங்கரைக்குப் போய் அவளுக்காகச் சமைக்கத் தொடங்கினார். நயினார் நாற்காலி நுனிக்கு வந்தார். பெண்டாட்டிக்குச் சமைத்துப் போடுகிறவன்! அழத் தெரிந்தவன்! அவர் நெஞ்சு இளகிக்கொண்டு வந்த அந்த நேரம் பார்த்து அடுப்பு தீப்பிடித்தது.

"புத்தகம்! புத்தகம்!"

பதினேழாம் பக்கம்: 'வீட்டில் தீப்பிடித்தால், உடனே தீயணைப்புத் துறைக்குத் தொலைபேசியில் அழைக்கவும்.'

பூலுடையான் உடனே அழைத்தார். நயினார் சங்கரன்கோயிலுக்கு அடித்தார். இந்தத் தடவை போனை எடுத்தது மாப்பிள்ளையே. சோற்றில் கைவைத்திருந்தார்.

"மாப்பிள்ளை! தீப்பிடிச்சிட்டுது!"

"எங்க மாமா?"

"உங்க வீட்டுல!"

"நான் வீட்டுலதானே இருக்கேன்?"

"அதான் சொல்லுதேன், சீக்கிரம் வெளிய வாங்க!"

மாப்பிள்ளை அலறிக்கொண்டு வெளியே ஓடினார். தன் வீட்டில் தீ இல்லை. அப்படியானால் மாமா பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிட்டார். தீ பெண் வீட்டில்தான். கையைக்கூடக் கழுவாமல் பைக்கை எடுத்தார்.

இங்கே குற்றாலலிங்கம் மயங்கி மேஜைமேல் சாய்ந்ததில் எந்தப் பொத்தானோ அமுங்கி, திரையில் எல்லாம் அப்படி அப்படியே நின்றுவிட்டது. தீ ஒரு முழ உயரத்தில் நின்றது. அதற்கு இரண்டடி தள்ளி, கையைத் தூக்கியபடி மணமக்கள் நின்றார்கள். குற்றாலலிங்கத்துக்கு மயக்கம் தெளிந்ததும் நாலு பேரும் அதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முக்கால் மணி நேரத்தில் பக்கத்து ஊர்த் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே ஊர் திரண்டு வாசலை அடைத்தது. ஆபீசர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தார்.

"எங்கே தீ?"

நயினார் திரையைக் காட்டினார்.

"உள்ளே யாரும் இருக்காங்களா?"

"எம்மகளும் மருமகனும்யா!"

சொன்ன பிறகுதான் 'மருமகன்' என்று சொல்லிவிட்டது அவருக்கே உறைத்தது. அவர் பொலபொலவென்று அழுதுவிட்டார்.

ஆபீசர் திரையைப் பார்த்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த வேட்டித் துண்டைப் பார்த்தார். நாலு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் அவருக்கு. நேரே சுவரோரம் போய் வயரைப் பிடுங்கினார். திரை கறுத்தது.

"அணைச்சாச்சு."

"உள்ள இருந்தவங்க?"

"வெளிய வந்துட்டாங்க. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

வண்டி திரும்பிப் போன சத்தம் அடங்குவதற்குள் பின்பக்கம் தொம்மென்று ஒரு சத்தம். பெண் வீடு இதுதான் என்று நினைத்து, வாசலில் கூட்டம் நின்றதால் சுவரேறிக் குதித்திருந்தார் தெய்வநாயகம். முழங்கால் சிராய்த்து, சட்டை கிழிந்து, கையில் மாட்டுக்குப் போடுகிற தீப்புண் மருந்து டப்பாவோடு மூச்சுவாங்க நின்றார்.

நயினார் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். "மாப்பிள்ளை! எப்படிய்யா வெளிய வந்தீங்க? நாங்க கதவே வைக்கலையே!"

"சுவரேறித்தான் மாமா" என்றார் மாப்பிள்ளை.

விஷயம் கேள்விப்பட்டுப் பிரமநாயகியும் பகவதியும் அலறிப் புடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பகவதி கறுத்துக் கிடந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பிடுங்கிய வயரைப் பார்த்தாள், எல்லாம் விளங்கிவிட்டது. பிறகு, சிராய்த்த முழங்காலைப் பார்த்தாள். அதன்பின் வேறெங்கும் பார்க்கவில்லை.

"எனக்குச் சம்மதம்" என்று நயினார் ஊரறியக் கத்தினார். "முழுச் சம்மதம்!"

இதோடு முடிந்திருக்க வேண்டும். பூலுடையான்தான் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் கேளுங்க. 'நிறுத்துமுன் குடும்பத்தைச் சேமிக்கவும். சேமிக்காமல் நிறுத்தினால், அதுவரை நடந்த எதுவும் நடக்கவில்லை.'"

ஆபீசர் சேமித்தாரா? சேமிக்கவில்லை. நாலு பேருமே பார்த்திருந்தார்கள்.

தலைவர் எழுந்தார். "அப்ப எதுவுமே நடக்கலை. தீப்பிடிக்கலை. வண்டி வரலை. இவரு சுவரேறிக் குதிக்கலை. நயினாரு சம்மதம்னு சொன்னதும் செல்லாது."

"ஐயையோ! இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே!"

"பதறாதீரும். நேரம் இருக்கு. முதல்லயிருந்து நடத்திருவோம்." தலைவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க திரும்பிப் போங்க. நாங்க போன் போடுதோம். அப்ப வாங்க."

பகவதி மூச்சைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்தாள். கோபப்படுவான், கத்துவான், வண்டியை எடுத்துக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடுவான் என்று நினைத்தாள்.

தெய்வநாயகம் நெற்றியைச் சுருக்கி நன்றாக யோசித்தார். "சங்கரன்கோயில் வரைக்கும் போகணுமா? ஊர் எல்லை வரைக்கும் போனா போதாதா?"

"எங்கேயிருந்து கிளம்பினீங்க?"

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

"அப்ப போய்ச் சாப்பிட உக்காருங்க."

"சரிங்க" என்றார் மாப்பிள்ளை. பகவதி ஒரு செம்புத் தண்ணீர் நீட்டினாள். குடிக்கப் போனவர் கையை நிறுத்தி, "இதைக் குடிச்சா, குடிச்சது நடந்ததாகிருமோ?" என்று கவலையோடு கேட்டார். தலைவர் அசந்துபோனார். அந்தக் கோணம் அவருக்கே தோன்றவில்லை. தண்ணீரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுவரேறி, அந்தப் பக்கம் குதித்து, மாப்பிள்ளை போனார்.

பிரமநாயகி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பத்துப் பொருத்தமும் இருக்கு" என்றாள். "பொண்ணுக்கு இல்ல, மாமனாருக்கு."

பகவதி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அழுதாளோ என்றுகூடச் சிலர் சொல்வார்கள். ஆனால் கண்ணை மட்டும் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

நாலரைக்கு நயினார் போன் போட்டுத் தீப்பிடித்த செய்தியை, அதே பதற்றத்தோடு, ஒரு வார்த்தை மாறாமல் சொன்னார். "எங்க மாமா?" என்று மாப்பிள்ளையும் மாறாமல் கேட்டார். பின்னால் அவருடைய அப்பா ஏதோ சத்தம்போட்டது கேட்டது. அது மட்டும் புதிது.

ஐந்தரை மணிக்குக் கூட்டமெல்லாம் கலைந்து, வாசல் விரியத் திறந்துகிடந்தது. பின்பக்கம் தொம்மென்று சத்தம் கேட்டது. இன்னொரு முழங்காலும் சிராய்த்து, புழுதியோடு தெய்வநாயகம் எழுந்து நின்றார்.

இவரை இதுவரை பார்த்ததே இல்லை என்பதை மறக்காமல், நயினார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முகம் மலர எதிரே போய்க் கும்பிட்டார்.

"வாங்க தம்பி, வாங்க. ஊருக்குப் புதுசா? யாரைப் பார்க்கணும்?"